மணிக்கட்டுப் புள்ளியும் மயக்கம் தெளியும் குழந்தையும்

வாசகர் கேள்விகள்: பதில் அளிப்பவர் மயக்கவியல் மருத்துவர்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு குழந்தைகளுக்கு வரும் குமட்டல், வாந்தி, வலி ஆகியவற்றுக்கு அக்குபஞ்சர் உதவுமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் ஆறு வயது மகளுக்கு அடுத்த மாதம் டான்சில் அறுவை சிகிச்சை செய்யத் தேதி குறித்திருக்கிறார்கள். எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தபோது, மயக்கம் தெளிந்த நேரம் முதல் மறுநாள் காலை வரை ஓயாத வாந்தி. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அங்கே சில குழந்தைகள் மருத்துவமனைகளில் கையில் மெல்லிய ஊசி செருகி வாந்தியைத் தடுக்கிறார்கள் என்கிறான். இது உண்மையா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: உங்கள் தம்பி சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு செய்தி, அதாவது உங்களுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் கடும் வாந்தி வந்தது என்பது, உங்கள் மகளின் மயக்க மருத்துவர் அவசியம் அறிய வேண்டியது. 2004இல் வெளியான எபர்ஹார்ட் குழுவின் கணிப்பு முறை, குழந்தைகளின் வாந்தி வாய்ப்பை நான்கு காரணிகளைக் கொண்டு மதிப்பிடுகிறது: அறுவை சிகிச்சை 30 நிமிடமோ அதற்கு மேலோ நீடிப்பது, குழந்தையின் வயது மூன்றோ அதற்கு மேலோ இருப்பது, மாறுகண் திருத்தும் அறுவை சிகிச்சையாக இருப்பது, குழந்தைக்கோ பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ முன்பு இத்தகைய வாந்தி வந்திருப்பது. இவற்றில் ஒன்றும் இல்லாத குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர் வாந்தி எடுக்கிறார்கள். இரண்டு இருந்தால் 30 பேர், மூன்று இருந்தால் 55 பேர், நான்கும் இருந்தால் 70 பேர். உங்கள் மகளுக்கு வயதும் குடும்ப வரலாறும் சேர்ந்து இப்போதே இரண்டு காரணிகள் உள்ளன. அறுவை சிகிச்சை அரை மணி நேரத்தைத் தாண்டினால் மூன்று. டான்சில் சிகிச்சையில் விழுங்கப்படும் இரத்தம் வயிற்றை உறுத்துவது, வலிக்காகத் தரப்படும் ஓபியாய்டு மருந்துகள் மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டுவது ஆகியவை இந்தக் கணக்கில் சேராத கூடுதல் தொல்லைகள்.

இனி அக்குபஞ்சர். சீன மருத்துவத்தில் நெய்குவான் என்றும், மருத்துவ ஆய்வுகளில் பி 6 என்றும் சொல்லப்படும் புள்ளி ஒன்று, உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு ரேகைக்குச் சற்று மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கிறது. அதன் அடியில் மீடியன் நரம்பு செல்கிறது. பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த ஜான் டண்டீயும் அவருடைய குழுவினரும், சிறிய மகளிர் அறுவை சிகிச்சைகளுக்கு வந்த பெண்களிடம் இந்தப் புள்ளியைச் சோதித்து, வாந்தி குறைவதாக 1986இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மேற்கத்திய மயக்கவியலாளர்கள் இதைப் பொருட்படுத்தத் தொடங்கியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. அதன்பின் உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டிய காக்ரேன் தொகுப்பாய்வு 2015இல் புதுப்பிக்கப்பட்டபோது, பெரியவர்களும் குழந்தைகளுமாக 7,667 பேர் பங்கேற்ற 59 சோதனைகள் அதில் இடம்பெற்றன. போலிச் சிகிச்சை, அதாவது செய்வதுபோல் பாவனை மட்டும் காட்டும் சிகிச்சை, பெற்றவர்களோடு ஒப்பிட்டால், இப்புள்ளி தூண்டப்பட்டவர்களிடம் வாந்தி வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடும், குமட்டல் வாய்ப்பு 32 விழுக்காடும் குறைவாக இருந்தன. வாந்தித் தடுப்பு மருந்துகளோடு ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

40 விழுக்காடு என்பதைக் கேட்டதும் பத்தில் நான்கு குழந்தைகள் காப்பாற்றப்படுகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நூறு குழந்தைகளில் 30 பேர் வாந்தி எடுக்கக்கூடிய நிலையில் அந்தக் குறைவு அப்படியே கிட்டினால், 30 என்பது 18 ஆகும். அதாவது நூற்றில் 12 குழந்தைகளுக்குப் பலன், 18 குழந்தைகளுக்கு எப்படியும் வாந்தி, மீதி 70 பேருக்கு எது செய்தாலும் செய்யாவிட்டாலும் வாந்தி இல்லை. போலிச் சிகிச்சையோடு செய்த அந்த ஒப்பீட்டின் சான்று வலுக் குறைந்தது என்று தொகுத்தவர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழந்தைகளிடம் மட்டும் நடந்த சோதனைகளைத் தனியே எடுத்துக்கொண்டால் படம் இன்னும் கலங்கலானது. 1990களின் தொடக்கத்தில் டொரோண்டோவில் யென்டிஸ், பிஸ்ஸனெட் என்னும் இரு மருத்துவர்கள், டான்சில் சிகிச்சைக்கும் மாறுகண் சிகிச்சைக்கும் வந்த குழந்தைகளுக்கு மயக்கத்தில் இருக்கும்போதே பி 6 புள்ளியில் ஊசி செருகிப் பார்த்தார்கள்; இரண்டிலும் பலன் இல்லை. மாறாக, 2002இல் விஸ்கான்சினில் டான்சில் சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு ஊசியோடு மெல்லிய மின்தூண்டலும் சேர்த்தபோது குமட்டல் குறைந்தது. அதே ஆண்டு ஷு மிங் வாங், ஸீவ் கெய்ன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், பி 6 புள்ளியில் சிறிதளவு குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தியது, டிரோபெரிடால் என்னும் வாந்தித் தடுப்பு மருந்துக்கு நிகராக வேலை செய்தது. ஆனால் அந்தப் பலன் மயக்கம் தெளியும் அறையோடு நின்றுவிட்டது, 24 மணி நேரக் கணக்கில் குழுக்களிடையே வேறுபாடு இல்லை. ஆழ்ந்த மயக்கத்தில் புள்ளியைத் தூண்டினால் நரம்பின் செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மயக்கத்தில் செய்தும் பலன் கண்ட ஆய்வுகள் இருப்பதால், அதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: உங்கள் மருத்துவமனையில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்து, மயக்க மருத்துவரும் ஒப்புக்கொண்டால், ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் ஆகிய வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகளோடு கூடுதலாக இதைச் செய்துகொள்ளலாம். அவர் இல்லை என்பதற்காக நீங்கள் ஊர் மாற வேண்டியதில்லை. அந்த இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தருவதற்கு இதைவிட மிக உறுதியான சான்று இருக்கிறது.

கேள்வி: ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே என் மகன் அலறுகிறான். வலியைக் குறைக்க வலியைக் கொடுப்பது கொடுமையாக இல்லையா? ஆபத்து எதுவும் உண்டா? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: அக்குபஞ்சர் ஊசி, இரத்தம் எடுக்கும் ஊசியைப் போல உள்ளே துளை கொண்டதன்று, திடமான மெல்லிய கம்பி. குழந்தைகளுக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் 0.16 முதல் 0.20 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை அச்சம் எழவே இடமில்லாமலும் செய்யலாம், ஏனென்றால் பல மருத்துவமனைகளில் குழந்தை மயங்கிய பிறகு செருகி, விழிப்பதற்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். விழித்திருக்கும் குழந்தைக்கு ஊசிக்குப் பதிலாக அழுத்தப் பட்டையோ லேசர் கதிரோ போதுமானதாக இருக்கலாம். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஷ்லாகர் குழுவினர் மாறுகண் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடம் பி 6 புள்ளியில் லேசரையும், பின்னர் கொரியக் கை அழுத்த முறையையும் சோதித்து, இரண்டிலும் வாந்தி குறைந்ததைக் கண்டார்கள். ஊசிக்கு அஞ்சும் குழந்தையைப் பிடித்து அமுக்கி அக்குபஞ்சர் செய்வதில் எந்தப் பொருளும் இல்லை.

ஆபத்து பற்றி: குழந்தைகளுக்கான அக்குபஞ்சரின் பாதுகாப்பை ஆராய்ந்து 2011இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த தொகுப்பு, மருத்துவ இலக்கியத்தில் பதிவான 279 பாதக நிகழ்வுகளைக் கண்டெடுத்தது. அவற்றில் 253 இலேசானவை: சிறு நீலம் பாய்தல், வலி, அழுகை போன்றவை. ஒன்று நடுத்தரமானது, 25 நிகழ்வுகள் கடுமையானவை. இந்தக் கடுமையானவற்றில் பெரும்பாலானவை தரமற்ற கைகளால் நேர்ந்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. இரத்தம் உறையாத நோய் உள்ள குழந்தை, புற்றுநோய் மருந்துகளால் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்த குழந்தை, செருக வேண்டிய இடத்தில் தோல் புண் உள்ள குழந்தை ஆகியோருக்கு ஊசி வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மின்தூண்டல் கூடாது. ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் வகையாக, உங்கள் கண்ணெதிரே உறை பிரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும்.

கேள்வி: இதெல்லாம் நம்பிக்கையின் பலன்தானே? மிட்டாயைக் கொடுத்து மருந்து என்று சொன்னாலும் இதே அளவு வாந்தி குறையாதா? (செவிலியர் கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: செவிலியர் கல்வி படிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி. நம்பிக்கையின் பலன் ஏற்பட வேண்டுமானால் தனக்கு ஒன்று செய்யப்பட்டது என்று நோயாளி அறிந்திருக்க வேண்டும். மயக்கத்தில் கிடக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு மணிக்கட்டில் ஊசி செருகி எடுத்ததே தெரியாது. பிறகு கணக்கெடுக்கும் செவிலியருக்கும் தெரியாதபடி இரண்டு கைகளிலும் ஒட்டுத்துணி சுற்றி மறைத்துவிடலாம். அந்த வகையில், விழித்திருக்கும் பெரியவர்களிடம் செய்யும் சோதனைகளைவிட மயங்கிய குழந்தைகளிடம் செய்யும் சோதனை தூய்மையானது. டண்டீயும் அவருடைய சக ஆய்வாளரும் 1991இல் வெளியிட்ட இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது: பி 6 புள்ளியில் முதலில் உள்ளூர் மரப்பு மருந்தைச் செலுத்திவிட்டு அதே இடத்தைத் தூண்டினார்கள், வாந்தித் தடுப்புப் பலன் மறைந்துவிட்டது. வெறும் நம்பிக்கை என்றால் மரப்பு மருந்து அதைத் தடுத்திருக்காது. ஏதோ ஒரு செய்தி நரம்பு வழியாகத்தான் போகிறது.

ஆயினும் உங்கள் ஐயத்தை முழுவதும் தள்ளிவிட முடியாது. ஊசி செருகுபவருக்கு எது உண்மை, எது போலி என்பது எப்போதும் தெரியும். அதோடு, சிறு குழந்தைகளுக்குக் குமட்டல் என்பதைச் சொல்லத் தெரியாது. அதனால் பழைய சோதனைகள் பலவும் வாந்தியை மட்டுமே எண்ணின. முகச் சித்திரங்களைக் காட்டிக் குமட்டலின் அளவைக் கேட்டறியும் பாக்ஸ்டர் அளவுகோல் 2011இல்தான் வந்தது.

கேள்வி: எங்கள் ஊரில் அக்கு ஹீலர் ஒருவர், டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாந்தி மருந்து, வலி மருந்து எதுவும் வேண்டாம், உடல் தானே சரிசெய்துகொள்ளும், தொட்டாலே போதும் என்கிறார். நம்பலாமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: நம்ப வேண்டாம். மேலே நான் குறிப்பிட்ட எந்த ஆய்வும் வலி மருந்தை நிறுத்திவிட்டு அக்குபஞ்சரை மட்டும் நம்பியிருக்கச் சொல்லவில்லை. டான்சில் எடுத்த தொண்டையில் வலி ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நீடிக்கும். வலி தணியாத குழந்தை தண்ணீரைக்கூட விழுங்க மறுக்கும். விழுங்காத குழந்தைக்கு நீர்ச்சத்து குறைந்து மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்து இரத்தக்குழாய் வழியாக நீரேற்ற வேண்டி வரும். நேரம் தவறாமல் தரும் பாராசிட்டமாலும், மருத்துவர் ஒப்புக்கொண்டால் இபுபுரோஃபெனும், அந்தக் குழந்தையைக் குடிக்கவும் உண்ணவும் வைப்பதற்கான கருவிகள்.

உடல் தானே சரிசெய்துகொள்ளும் என்பதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது ஆபத்தாகிறது. தொண்டைப் புண் தானாகத்தான் ஆறும். ஆனால் அதுவரை குழந்தை குடிக்காமல் கிடக்க முடியாது. நம் நாட்டில் மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்று ஆணை வெளியிட்டது. மேற்கு வங்கத்தில் இதற்கென 1996ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. ஆனால் அந்த ஏற்பைக் காட்டி ஒருவர் உங்கள் குழந்தையின் அறுவை மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்வாரானால், அவருடைய சான்றிதழ் எவ்வளவு பெரியதாகச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: வாந்தியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வலிக்கு இது கேட்குமா? என் மகனுக்குக் காதில் குழாய் வைக்கும் சிகிச்சையும் பிறகு டான்சில் சிகிச்சையும் செய்ய வேண்டும் என்கிறார்கள். (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: வலிக்கான சான்று வாந்திக்கானதைவிட மெலிந்தது, ஆனால் இல்லாமல் இல்லை. உங்கள் மகனுக்கு நடக்க இருக்கும் இரண்டு சிகிச்சைகளிலும் தனித்தனிச் சோதனைகள் நடந்திருப்பது தற்செயல்தான்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் மயக்கவியலாளர் யுவான் சி லின் குழுவினர், செவிப்பறையில் குழாய் வைக்கும் சிகிச்சைக்கு வந்த 60 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மயங்கிய பிறகு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட ஹெகு புள்ளியிலும், மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் உள்ள ஷென்மென் புள்ளியிலும் அக்குபஞ்சர் செய்தார்கள். 2009இல் வெளியான முடிவின்படி அவர்களுக்கு வலியும் குறைவு. மயக்கம் தெளியும்போது காரணமின்றிக் கைகால்களை உதறி அலறும் கலக்கமும் குறைவு. அந்தக் கலக்கத்தைப் பார்க்காத பெற்றோர் அதன் கடுமையை அறிய மாட்டார்கள். செவோஃப்ளூரேன் வாயுவில் மயங்கிய மழலைகள் விழிக்கையில் தாயையே அடையாளம் தெரியாமல் தள்ளிவிடுவது உண்டு. பத்து நிமிடத்தில் முடியும் ஒரு சிறு சிகிச்சைக்கு ஓபியாய்டு கொடுக்கத் தயங்கும் என் போன்றவர்களுக்கு இந்த முடிவு ஆர்வமூட்டுவது.

டான்சில் வலிக்கு, ஸ்டான்ஃபோர்டில் மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 59 குழந்தைகளிடம் இருமுனையும் மறைத்து, அதாவது யாருக்கு அக்குபஞ்சர் செய்யப்பட்டது என்பது குடும்பத்தாருக்கும் கணக்கெடுப்பவர்களுக்கும் தெரியாதபடி, நடந்த சோதனை 2015இல் வெளிவந்தது. சிகிச்சையின்போதே அக்குபஞ்சர் செய்யப்பட்ட குழந்தைகளுக்கு வீடு திரும்பிய பிறகு வலி குறைவாக இருந்ததாகவும், அவர்கள் சீக்கிரமே நன்றாக உண்ணத் தொடங்கியதாகவும் பெற்றோர் பதிவு செய்தார்கள். 59 என்பது சிறிய எண்ணிக்கை. இதை மட்டும் வைத்து யாரும் நடைமுறையை மாற்றிவிட மாட்டார்கள். இருந்தாலும் காலம் பொருத்தமானது. டான்சில் வலிக்கு முன்பு தாராளமாகக் கொடுக்கப்பட்ட கோடீன், சில குழந்தைகளின் உடலில் அளவுக்கு மீறி வேகமாக மார்ஃபினாக மாறி மூச்சை நிறுத்திவிட்டதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் கடும் எச்சரிக்கை விடுத்து, 2017இல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதை விலக்கியது. மருந்தில்லா வழிகளை ஆய்வாளர்கள் அன்று முதல் கூடுதல் அக்கறையோடு பார்ப்பதில் வியப்பில்லை.

இதோடு ஒரு பழைய கதையையும் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் இன்னும் இரண்டு கடிதங்களில் அது வந்திருக்கிறது. 1971இல் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் அக்குபஞ்சர் மயக்கத்திலேயே குடல்வால் அறுவை நடந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள். அறுவை வழக்கமான மரப்பு ஊசியில்தான் நடந்தது. அதன்பின் வயிறு உப்பி வலித்தபோதுதான் அவருக்கு முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி செருகினார்கள். ஆக அவரும், நம் குழந்தைகளைப் போலவே, அறுவைக்குப் பிந்தைய தொல்லைக்காக அக்குபஞ்சர் பெற்றவர்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் இதைக் கேட்டுப் பெற முடியுமா? (ஒரு வாசகர், விழுப்புரம்)

பதில்: அறுவை அரங்குக்குள் இதைச் செய்யும் வழக்கம் நம் அரசு மருத்துவமனைகளில் பரவலாக இல்லை. இயற்கை மற்றும் யோகா மருத்துவப் பட்டப் படிப்பில் அக்குபஞ்சர் ஒரு பாடம் என்பதால், அந்தப் பிரிவு இயங்கும் மருத்துவமனையில் விசாரிக்கலாம். ஆனால் முடிவு மயக்க மருத்துவரிடம் இருக்க வேண்டும். மயக்கத்துக்கு முந்தைய பரிசோதனை நாளே இதைக் கேட்பதற்கு ஏற்ற நாள். அரங்கின் வாசலில் கேட்டால் யாரும் தலையசைக்க மாட்டார்கள்.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, பேத்திக்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு நானே அந்த இடத்தைப் பிடித்துவிடலாமா? எப்படி என்று சொல்லுங்கள். (ஒரு பாட்டி, காரைக்குடி)

பதில்: தாராளமாகச் செய்யலாம் அம்மா. பேத்தியின் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, மணிக்கட்டு ரேகையை ஒட்டி, முழங்கைப் பக்கமாக, அவளுடைய மறு கையின் மூன்று விரல்களைப் படுக்கையாக வையுங்கள். உங்கள் விரல்களை வைத்தால் அளவு தவறி முழங்கைப் பக்கம் போய்விடும். மூன்றாவது விரல் முடியும் இடத்தில், நடுவில் ஓடும் இரண்டு தசைநாண்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் உங்கள் பெருவிரலால் இரண்டு மூன்று நிமிடம் இதமாக அழுத்திவிடுங்கள். பிறகு மறு கை. அவள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். பயண வாந்திக்கு விற்கும், குமிழ் பதித்த மணிக்கட்டுப் பட்டையும் இதே புள்ளியை அழுத்துவதுதான். அதைக் கட்டினால் விரல்கள் சில்லிட்டோ நீலமாகவோ மாறாத அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும், இரவில் கழற்றிவிடுங்கள். மருத்துவமனையில் இருக்கும்போது நீர் ஏற்றும் குழாய் உள்ள கையில் கட்ட வேண்டாம்.

கையை அழுத்திக்கொண்டு காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. டான்சில் எடுத்த குழந்தையின் வாந்தியில் புதுச் சிவப்பாக இரத்தம் தெரிந்தாலோ, தூக்கத்திலும் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, தொண்டையில் இரத்தம் கசிகிறது என்று பொருள். இது முதல் நாளில் மட்டும் வருவதில்லை. புண்ணின் பொருக்கு உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையிலும் வரலாம். வயிற்று அறுவைக்குப் பின் பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலும், எதைக் குடித்தாலும் தங்காமல் அரை நாளாகச் சிறுநீரே போகாவிட்டாலும், எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலும், நடு இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல் அறுவை செய்த மருத்துவமனைக்கே கொண்டு செல்லுங்கள். அது தொலைவில் இருந்தால் 108ஐ அழைத்து, அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். என்ன அறுவை, என்றைக்கு நடந்தது, கடைசியாக எந்த மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.